ஒப்பந்தம் முடிந்தது, பாட்டு யாருடையது? – இசை வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருந்தன: இசை நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த ராக் குழு, தன் பாடல்களைத் தானே வெளியிடுவது எப்படி என்பது. திரைப்பாட்டே பாட்டு என்று ஆகிவிட்ட நம் ஊரில், சொந்தமாக எழுதிச் சொந்தமாக வாசிக்கும் இளைஞர்கள் இந்த அளவுக்கு அக்கறையோடு கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதும் அவர்களுக்கே.

கேள்வி: நாங்கள் நால்வர், பெரம்பூரில் ஒரு மாடி அறையில் பயிற்சி செய்யும் தமிழ் ராக் குழு. ஓர் இசை நிறுவனத்துடன் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் சென்ற ஆண்டு முடிந்தது. அவர்கள் வெளியிட்டவை ஆறு பாடல்கள். பதிவு செய்தும் வெளியிடாமல் வைத்திருப்பவை இரண்டு. புதிய பாடல்களைச் சொந்தமாக வெளியிட இருக்கிறோம். அவற்றோடு பழைய ஆறு பாடல்களையும் எங்கள் பெயரில் மீண்டும் ஏற்றலாமா? ஒப்பந்தம் முடிந்ததுமே எல்லாம் நமக்குத் திரும்பிவிட்டது என்கிறார் எங்கள் கித்தார் கலைஞர்.
– குழுவின் பாடகர், பெரம்பூர்

பதில்: இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதலில் நால்வரும் ஒன்றாக உட்காருங்கள். உங்கள் கித்தார் கலைஞர் சொல்வது நியாயமாகத் தோன்றலாம்; சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்துக்காக மட்டுமே பாட வேண்டும் என்ற கட்டுப்பாடு முடிவது வேறு, ஏற்கெனவே பதிவான பாடல்களின் உரிமை உங்களிடம் திரும்புவது வேறு. முதலாவது சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. இரண்டாவது முடிந்ததா இல்லையா என்பது ஒப்பந்தத்தின் வேறொரு பத்தியில் இருக்கும். கையெழுத்திடும் அவசரத்தில் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிப் போகும் பத்தி அதுதான்.

ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அவற்றைப் பாடி, வாசித்து, பதிந்த ஒலிப்பதிவு மற்றொரு சொத்து. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கு உரியவர் இசையமைத்தவர், வரிகளுக்கு உரியவர் எழுதியவர். ஒலிப்பதிவுக்கு உரியவரோ, அதைச் செய்வதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்றவர். ஸ்டுடியோ வாடகை, ஒலிப்பொறியாளர் சம்பளம், மிக்ஸிங், மாஸ்டரிங் என எல்லாவற்றையும் நிறுவனமே பொறுப்பேற்று முடித்திருந்தால், அந்த ஆறு ஒலிப்பதிவுகளும் பெரும்பாலும் அதன் சொத்தாகவே இருக்கும்; பாட்டு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். திரும்பத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தாலன்றி, காலம் முடிந்தது என்பதற்காக மட்டும் அது உங்களிடம் வந்துவிடாது. இளையராஜாவுக்கும் ஒலிநாடா நிறுவனங்களுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகளைச் செய்தித்தாள்களில் படித்தவர்களுக்கு, இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையிலான இந்த வேறுபாடு புதிதாக இராது.

அப்படியென்றால் எல்லாம் கைவிட்டுப் போயிற்றா என்றால், இல்லை. உங்களுக்கு உரிய வலு மெட்டிலும் வரியிலும் இருக்கிறது. அவற்றை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அவை இன்றும் உங்களுடையவை. எழுதிக் கொடுத்திருந்தாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டு என்றே கொள்ளும். எந்தெந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளும். இன்னொன்றை மறக்க வேண்டாம். 2012-இல் வந்த திருத்தத்தின்படி, திரைப்படத்தில் இடம்பெறாத ஓர் ஒலிப்பதிவுக்காக உரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், அந்தப் படைப்பு எந்த வகையில் பயன்படுத்தப்பட்டாலும் வரும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை, எழுதியவரிடமும் இசையமைத்தவரிடமும் அப்படியே இருக்கிறது. நாட்டின் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் அந்தத் தொகையைத் திரட்டித் தரும் சங்கம், 1969-இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ். உங்களில் மெட்டமைப்பவரும் வரி எழுதுபவரும் அதில் இன்னும் உறுப்பினராகவில்லை என்றால், புதிய பாட்டை வெளியிடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

வெளிவராத இரண்டு பாடல்களைப் பற்றி நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. உரிமையை எழுதி வாங்கியவர் அதை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அந்த உரிமை மாற்றம் காலாவதியானதாகக் கொள்ளப்படும் என்று அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இதை அறிந்தவர்கள் என்பதால், 'பயன்படுத்தாவிட்டாலும் உரிமை நீடிக்கும்' என்ற வரியை ஒப்பந்தங்களில் சேர்த்துவிடுவது வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை என்றால், மெட்டும் வரிகளும் உங்களிடம் திரும்பிவிட்டன என்று வாதாட இடமுண்டு. அவர்களுடைய பழைய ஒலிப்பதிவைத் தொடாமல், அந்த இரண்டு பாடல்களையும் நீங்கள் புதிதாகப் பதிந்து வெளியிட வழி பிறக்கும்.

புதிதாகப் பதிவது என்னும் வழியை உலகறியச் செய்தவர் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட். அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019-இல் பிறர் கைக்கு விற்கப்பட்டபோது, பாடல்களை எழுதியவர் என்ற உரிமை தன்னிடம் இருந்ததால், 2021 முதல் அவற்றில் நான்கை ஒவ்வொன்றாக மீண்டும் பாடிப் பதிந்து வெளியிட்டார். பழைய மூலங்களையே 2025-இல் விலை கொடுத்து வாங்கியும்விட்டார். அவரிடம் இருந்த பணபலம் நம்மிடம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு வழி திறந்தது, எழுத்துரிமையை அவர் கையில் வைத்திருந்ததால். நீங்கள் அவ்வாறு செய்வதற்கு முன், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை அதே பாட்டை மறுபதிவு செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் அது இருக்கும். அதற்கு மாறாக, ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை ஆண்டுகள் வேறு எங்கும் பாடவே கூடாது என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டாம். ஒருவர் தன் தொழிலைச் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. ஒப்பந்தக் காலத்துக்குப் பிந்தைய அத்தகைய தடைகளை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. இவை எல்லாவற்றையும் பதிப்புரிமை வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதற்குக் கொடுக்கும் கட்டணம், பிறகு வரக்கூடிய அறிவிக்கைக்குப் பதில் எழுதக் கொடுக்கும் கட்டணத்தை விடக் குறைவாகவே இருக்கும்.

நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபமோ குற்றச்சாட்டோ அதில் வேண்டாம். இதுவரையிலான வரவு கணக்கு, ஒவ்வொரு பாட்டுக்குமான ஐஎஸ்ஆர்சி குறியீடு, பதிவின் தனித்தனித் தடங்கள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கணக்கைக் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஐஎஸ்ஆர்சி என்பது ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடங்கள் கொண்ட குறியீடு. பதிவு யார் கைக்கு மாறினாலும் அது மாறாது. நாளை பேசித் தீர்த்து அந்த ஆறு பாடல்களையும் அவர்கள் உங்களிடம் ஒப்படைத்தால், அதே குறியீட்டோடு ஏற்றினால்தான் இதுவரை கேட்டவர்களின் எண்ணிக்கை பாட்டோடு கூடவே வரும். புதுக் குறியீடு வாங்கி ஏற்றினால் அந்த எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

தடங்களைக் கேட்பதில்தான் பலர் சோம்பிவிடுகிறார்கள். டிரம்ஸில் கிக், ஸ்நேர், ஓவர்ஹெட் மூன்றும் தனித்தனியாக, பேஸ் தனியாக, இரண்டு கித்தார்கள் தனித்தனியாக, குரல் ஒரு கோப்பாக, பின்குரல்கள் வேறு கோப்புகளாக, எல்லாம் ஒரே நேரப்புள்ளியிலிருந்து தொடங்கும்படி வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழு, பாடல்கள் கைக்கு வந்து ஓராண்டு கழித்து மேடைக்காகப் பின்னணித் தடம் தேடிப் போனபோது, பதிவு நடந்த சாலிகிராமம் ஸ்டுடியோவில் பழைய டிஸ்க் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. அதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: நான் ஒரு குழுவில் டிரம்மர். மெட்டும் வரிகளும் பாடகருடையவை. ஆனால் பாட்டு முழு வடிவம் பெறுவது நாங்கள் நால்வரும் பயிற்சி அறையில் வாசிக்கும்போதுதான். நிறுவனம் இருந்தவரை இந்தக் கேள்வி எழவில்லை. இப்போது வருமானம் நேராக எங்களுக்கே வரப்போகிறது. என் பங்கு என்ன?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: பணம் வருவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். சட்டத்தின் கண்ணில் நீங்கள் நிகழ்த்துபவர். உங்கள் வாசிப்பு வணிக நோக்கில் பயன்படும்போது ராயல்டி பெறும் உரிமை நிகழ்த்துபவருக்கு உண்டு. ஆனால் மெட்டமைத்தவர் என்ற பங்கு தானாக வராது. குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்தால்தான் வரும். பாட்டின் நடையையே மாற்றிவிடும் தாளத்தை ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார் என்றால் அவருக்கும் அதில் பங்கு தருவதுதான் நேர்மை என்பது என் கருத்து.

பெரிய குழுக்கள் இதை வெவ்வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு, யார் எழுதியிருந்தாலும் பாடல்களை நால்வர் பெயரிலேயே வெளியிட்டது. குவீன் குழுவோ பல ஆண்டுகள் தனித்தனிப் பெயர்களில் வெளியிட்டு, அதனால் உள்ளே மனவருத்தங்கள் எழுந்த பின், 1989-இல் வெளிவந்த தொகுப்பில் எல்லாப் பாடல்களையும் குழுவின் பெயருக்கே எழுதியது. எது சரி என்பதைப் பாட்டுக்குப் பாட்டு நீங்களே பேசி முடிவு செய்யலாம். எப்படி முடிவு செய்தாலும் பாட்டு முடிந்த அன்றைக்கே ஒரு தாளில் பாட்டின் பெயர், தேதி, மெட்டில் யாருக்கு எத்தனை விழுக்காடு, வரிகளில் யாருக்கு எத்தனை, ஒலிப்பதிவின் செலவை யார் ஏற்றார், அதன் வருமானத்தில் யாருக்கு எத்தனை என்று எழுதி நால்வரும் கையெழுத்திடுங்கள். மெட்டையும் ஒலிப்பதிவையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். குழுவை விட்டு ஒருவர் போனால் அவருடைய பங்கு என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். நல்ல உறவில் இருக்கும்போது எழுதினால்தான் அந்த வரி நியாயமாக அமையும்.

கேள்வி: நிறுவனம் இல்லாமல் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றில் பாட்டை ஏற்றுவது எப்படி? எந்த விநியோக நிறுவனம் நல்லது? எங்கள் மேடை நிகழ்ச்சியின் வீடியோவை யூடியூபில் போட்டால் பழைய நிறுவனத்தின் உரிமைக் கோரல் வந்து நிற்கிறது. அதற்கு என்ன செய்வது?
– ஒரு குழுவினர், அண்ணா நகர்

பதில்: அந்தத் தளங்களில் நாமே நேராக ஏற்ற முடியாது, இடையில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். கட்டணம் வாங்கும் முறையில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள். டிஸ்ட்ரோகிட் போன்றவை ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு எத்தனை பாட்டு வேண்டுமானாலும் ஏற்றவிடும். சந்தா நின்றால், அதற்கெனத் தனிக் கட்டணம் செலுத்தாத பாடல்கள் இறங்கிவிடும். சிடி பேபி போன்றவை வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணமும், வருமானத்தில் 9 விழுக்காடும் எடுத்துக்கொள்ளும். அடிக்கடி வெளியிடும் குழுவுக்கு முதல் முறை சிக்கனம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு பாடல் வெளியிட்டு, நடுவில் தேர்வு, வேலை, திருமணம் என்று இடைவெளி விழக்கூடிய குழுவுக்கு இரண்டாவது முறையே நல்லது என்று நினைக்கிறேன். சந்தா கட்ட மறந்ததால் பாட்டு காணாமற்போகும் அவலம் அதில் இல்லை.

ஏற்றுவதில் அவசரம் கூடாது. 3000 பிக்சல் சதுர அட்டைப்படம், வேவ் எனப்படும் சுருக்கப்படாத ஒலிக்கோப்பு, எல்லோருடைய பெயர்கள் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு, குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே வெளியீட்டு நாளைக் குறித்து ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்திலிருந்து, அவர்களுடைய பாடல் தொகுப்பாளர்களுக்கு உங்கள் புதிய பாட்டைப் பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்கு ஏழு நாட்களுக்கு முன்பாவது அதைச் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் நீங்கள் பரிந்துரைத்த பாட்டே இடம்பெறும். எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை ஒரு பாட்டில் தலைப்பெழுத்தோடும் இன்னொன்றில் இல்லாமலும் இடாதீர்கள். ராயல்டி கணினியில் சேர்வது அந்த எழுத்துகளை வைத்துத்தான். 2024 முதல், 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை தொகை தருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்களை உண்மையிலேயே விரும்பும் இருநூறு பேர் இருந்தால், பேண்ட்கேம்ப் தளத்தில் அவர்கள் விலை கொடுத்து வாங்குவது பல்லாயிரம் ஒலிப்புகளை விட அதிக வருமானம் தரும். டிஜிட்டல் விற்பனையில் அத்தளம் எடுப்பது 15 விழுக்காடு.

யூடியூப் வருமானம் வரும் கணக்கில் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்ப மறக்க வேண்டாம். நிரப்பினால், அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் வருவாயில் மட்டும், இந்திய–அமெரிக்க வரி உடன்படிக்கைப்படி 15 விழுக்காடு பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருவாயில் 24 விழுக்காடு வரை பிடிக்கக்கூடும்.

உரிமைக் கோரலைப் பொறுத்தவரை, முதலில் அது எதன் மீது வந்தது என்று பாருங்கள். நிறுவனத்திடம் இருக்கும் ஒலிப்பதிவை யூடியூபின் கணினி ஒப்பிட்டுப் பார்க்கிறது; மேடையில் நீங்கள் வாசித்ததோடு அவர்களுடைய பழைய பதிவின் பின்னணித் தடத்தையும் ஓடவிட்டிருந்தால், அந்த இடத்தில் கோரல் நியாயமானதே. முழுக்க முழுக்க மேடையில் வாசித்ததாக இருந்து, மெட்டும் வரிகளும் உங்களிடமே இருந்தால், மறுப்பைப் பதிவு செய்யுங்கள். கோரியவர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் கோரல் விலகிவிடும். மெட்டை எழுதிக் கொடுத்துவிட்டு மறுப்பு அனுப்புவது மட்டும் வேண்டாம். அது உங்கள் கணக்குக்கே வினையாக முடியும்.

கேள்வி: இசை நிறுவனத்தை விட்டு வந்த ரேடியோஹெட் குழு தன் தொகுப்பை 'விரும்பிய விலை கொடுங்கள்' என்று வெளியிட்டதாகப் படித்தேன். நாங்களும் அப்படி இலவசமாகவே கொடுத்தால் என்ன?
– ஒரு கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: கொடுக்கலாம், ஆனால் அவர்கள் எந்த இடத்தில் நின்று கொடுத்தார்கள் என்பதைப் பார்த்த பிறகு கொடுங்கள். இஎம்ஐ நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்த பின், 2007 அக்டோபர் 10 அன்று ரேடியோஹெட் தன் ஏழாவது தொகுப்பைத் தன் தளத்தில் அவ்வாறு வெளியிட்டது. அதற்கு முன்பே ஆறு தொகுப்புகளின் வழியாக உலகம் முழுவதும் அவர்களுக்குக் கேட்பவர்கள் உருவாகியிருந்தார்கள். அந்தக் கேட்பவர்களைச் சேர்த்ததில் அந்த நிறுவனத்தின் பணத்துக்கும் பங்கு உண்டு. இன்னொன்று: சில மாதங்களில் அதே தொகுப்பு குறுந்தகடாகக் கடைகளுக்கும் வந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு, 36 இசைத் துண்டுகளில் ஒன்பதை இலவசமாகவும், முழுவதையும் ஐந்து டாலருக்கும், கையெழுத்திட்ட சிறப்புப் பதிப்பை 300 டாலருக்கும் கொடுத்தது. 2,500 படிகள் கொண்ட அந்தச் சிறப்புப் பதிப்பு உடனே விற்றுத் தீர்ந்தது. ஆக, இலவசத்துக்குப் பக்கத்திலேயே விலையுள்ள ஒன்றையும் அவர்கள் வைத்திருந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு டெல்லியின் இந்தியன் ஓஷன் குழு. இசை நிறுவனங்களோடு பட்ட பாடு போதும் என்று முடிவு செய்து, 2010-இல் ஏழு பாடல்கள் கொண்ட தொகுப்பை மாதம் ஒரு பாட்டாகத் தங்கள் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தார்கள். கரோல் பாக்கில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்த பழைய பங்களாவின் முகவரியே அதற்குப் பெயர். 2009 டிசம்பரில் மறைந்த பாடகரும் தபலா கலைஞருமான அஷீம் சக்ரவர்த்தியின் குரல் அதில் இருக்கிறது என்பதால், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். அவர்களால் இலவசமாகக் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அவர்களுடைய வாழ்க்கை ஒலித்தகட்டு விற்பனையில் அல்லாமல் மேடையில் ஓடிக்கொண்டிருந்ததுதான்.

நீங்கள் இன்னும் மேடைக்குப் பெரிதாகப் பழகாத குழு என்றால், ஒரு பாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு மற்றவற்றுக்கு விலை வையுங்கள். இறக்கிக்கொள்பவரின் மின்னஞ்சல் முகவரியையாவது கேட்டு வாங்குங்கள். பிரிட்டனின் மரிலியன் குழு, நிறுவன ஒப்பந்தங்கள் முடிந்த நிலையில், தன்னிடமிருந்த ரசிகர் பட்டியலுக்கு எழுதி, 2001-இல் வெளிவந்த தொகுப்புக்கு, அதைப் பதிவு செய்யும் முன்பே 12,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகளைப் பெற்று, அந்தப் பணத்திலேயே அதை உருவாக்கியது. அந்தப் பட்டியலை அவர்கள் பல ஆண்டுகளாகப் பொறுமையாகச் சேர்த்திருந்தார்கள்.

கேள்வி: வெளியீட்டு நிகழ்ச்சியைச் சென்னையில் எங்கே, எப்போது வைப்பது? பெரிய அரங்குகளின் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: எப்போது என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் பல குழுக்கள் சறுக்குகின்றன. தீபாவளி, பொங்கல் வாரங்களில் பெரிய திரைப்படங்களின் பாடல்களுக்கு நடுவே உங்கள் பாட்டு யார் காதிலும் விழாது. அக்டோபர், நவம்பரில் திறந்தவெளி என்றால் மழை. டிசம்பரில் சபாக் கச்சேரிகளுக்காக அரங்குகள் முன்பே பதிவாகிவிடும். பிப்ரவரி, மார்ச், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே எனக்குப் பொருத்தமாகத் தெரிகின்றன. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால், முதல் குழு மேடையேறும் நேரத்தை அதற்கேற்ப முன்னதாகவே வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் அரங்கு போன்ற நடுத்தர இடங்களையும், கல்லூரிக் கலைவிழாக்களையும் முதலில் கேட்டுப் பாருங்கள். அடையாறு அன்வைண்ட் சென்டரின் எளிய மேடையில் ஜூன் மாத ராக் விழாவில் வாசித்துத்தான் இந்நகரின் பல குழுக்கள் கேட்பவர்களைச் சேர்த்தன. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னைக் குழு தன் முதல் நிகழ்ச்சியை 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தின் ஒரு பள்ளி மைதானத்தில் நடத்தியபோது, கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் ஒலிக்க, ஆயிரக்கணக்கானோர் தரையில் உட்கார்ந்தும் நின்றும் கேட்டார்கள். யாருக்காகப் பாடுகிறோம் என்பதை அவர்கள் தெளிவாக அறிந்து, அந்த மக்கள் வந்து சேரக்கூடிய இடத்தைத் தேர்ந்தார்கள். உங்கள் பாட்டு வடசென்னையைப் பற்றியது என்றால், ஈசிஆர் விடுதியில் வெளியிடுவதைப் பற்றி ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

கேள்வி: என் மகன் நல்ல சம்பளத்தில் இருக்கிறான். அவன் குழு இசை நிறுவனத்தை விட்டு வந்ததும், இனி முழுநேரமும் இசைதான் என்று வேலையை விடப்போவதாகச் சொல்கிறான். தடுப்பதா, விடுவதா என்று தெரியவில்லை.
– ஒரு தாய், மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, அவனைத் தடுக்க வேண்டாம், ஆனால் ஓராண்டு பொறுக்கச் சொல்லுங்கள். நிறுவனம் செய்துவந்த வேலைகள் எல்லாம் இனி இந்த நால்வரின் தலையில் விழும். கணக்கு எழுதுவது, அரங்கு பேசுவது, சுவரொட்டி அச்சடிப்பது, வரி கட்டுவது எல்லாம் அவர்களே. சம்பளம் வரும் ஓராண்டில் அந்த வேலைகளைப் பழகிக்கொண்டு, வருமானத்தையும் செலவையும் மாதாமாதம் ஒரு நோட்டில் எழுதிவந்தால், இசையிலிருந்து எவ்வளவு வருகிறது, அதில் மேடையிலிருந்து எவ்வளவு, விளம்பரப் பாடல்களில் வாசிப்பதிலிருந்தும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதிலிருந்தும் எவ்வளவு என்பது அவனுக்கே தெரிந்துவிடும். அந்த நோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் பேசுங்கள். அவனுடைய நிகழ்ச்சி ஒன்றுக்கு நீங்களும் போய் வாருங்கள். போகாமல் பேசினால் அவன் காதில் ஏறாது.

கேள்வி: ஒப்பந்தம் முடிந்த பிறகு, குழுவின் பெயரும் தங்களுக்கே சொந்தம் என்கிறது எங்கள் பழைய நிறுவனம். பெயரை நாங்கள் வைத்தது கல்லூரி நாட்களில்.
– ஒரு குழுவினர், குரோம்பேட்டை

பதில்: ஒப்பந்தத்தில் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுக்கவில்லை என்றால், முன்பிருந்தே பயன்படுத்தி வருபவர் என்ற வலுவான நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள். கல்லூரி நாட்களின் சுவரொட்டி, பரிசுச் சான்றிதழ், நாளிதழ்ச் செய்தி, தேதியோடு கூடிய வீடியோ எதுவாக இருந்தாலும் திரட்டி வையுங்கள். பிறகு தாமதிக்காமல் வணிகக் குறியீட்டுப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்; அதற்கான அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். இசை நிகழ்ச்சிகளுக்கு 41-ஆம் வகுப்பு, ஒலிப்பதிவுகளுக்கு 9-ஆம் வகுப்பு. தனிநபர் விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பாடகர் ஒருவர் பெயரில் மட்டும் பதிய வேண்டாம். நால்வரும் ஒரு கூட்டாண்மை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அதன் பெயரில் பதியுங்கள். நிறுவனம் ஏற்கெனவே அந்தப் பெயருக்கு விண்ணப்பித்திருக்கிறதா என்பதைப் பதிவகத்தின் இணையத் தேடலில் இன்றைக்கே பாருங்கள். அது வணிகக் குறியீட்டு இதழில் வெளியானால், எதிர்ப்பைப் பதிய அன்றிலிருந்து நான்கு மாதங்களே அவகாசம்.